பெரியவர்களுக்குச் சளி, ஃப்ளூ வந்தால் என்ன செய்வது: தோட்டப்புறக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எடுத்த எடுப்பிலேயே முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். அறுபது எழுபது தாண்டியவர்களுக்கு ஃப்ளூ வந்தால், பிள்ளைகளுக்கு வருவது போல உடம்பு அனலாகக் கொதித்து, மூக்கு ஒழுகி, இருமித் தள்ளி, 'நான் வந்துவிட்டேன்' என்று காட்டிக்கொடுக்காது. சிலருக்குக் காய்ச்சலே இருக்காது. சாப்பாடு குறையும், பேச்சு குறையும், பாத்ரூம் போகும்போது கால் தடுமாறும், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் விழிப்பார்கள். நாமும் 'வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடும் இரண்டு மூன்று நாளில்தான் நோய் நெஞ்சுக்குள் இறங்கிவிடுகிறது.

நான் எழுதுவது மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தை மனத்தில் வைத்து. பேராக்கில் மட்டுமில்லை, கெடாவிலும் ஜொகூரிலும் தோட்டத்தை ஒட்டிய டவுன்களில் நிலைமை ஏறக்குறைய இதுதான். பிள்ளைகள் ஈப்போ, கேஎல், சிங்கப்பூர் என்று வேலைக்குப் போய்விட்டார்கள். டவுன் ஓரத்துத் தாமானிலும், இன்னும் மிச்சமிருக்கும் லயத்து வீடுகளிலும் பெரியவர்கள் இரண்டு பேராகவோ தனியாகவோ இருக்கிறார்கள். முன்பு தோட்டத்திலேயே டிஸ்பென்சரி இருந்தது, டிரஸ்ஸர் இருந்தார், ஆளைப் பார்த்ததுமே 'பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க' என்று சொல்லிவிடுவார். இப்போது பல இடங்களில் அது இல்லை. அந்த முடிவை நாம்தான் எடுக்க வேண்டியிருக்கிறது, அதுவும் பெரும்பாலும் போனில்.

நோய் வருவதற்கு முன்பே செய்ய வேண்டியது

அவர்கள் நன்றாக இருக்கும் ஒரு நாளில் எல்லாவற்றையும் அளந்து எழுதி வையுங்கள். உடல் சூடு, பிரஷர், நாடித்துடிப்பு, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் காட்டும் ஆக்சிஜன் எண், இனிப்பு நீர் இருந்தால் சர்க்கரை அளவு. ஒரு தாளில் எழுதி ஐஸ் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். வயதானவர்களின் சாதாரண உடல் சூடே பலருக்குக் குறைவாகத்தான் இருக்கும். 36க்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பாட்டிக்கு 37.3 என்பது காய்ச்சல்தான். மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இது: பெரியவர்களுக்கு வாயில் வைத்துப் பார்த்து ஒரு தடவை 37.8க்கு மேல் போனாலும், திரும்பத் திரும்ப 37.2க்கு மேல் காட்டினாலும், வழக்கமான சூட்டைவிட 1.1 டிகிரி கூடினாலும் காய்ச்சல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அக்குளில் வைத்தால் ஏறக்குறைய அரை டிகிரி குறைவாகக் காட்டும், அதையும் நினைவில் வையுங்கள். மூட்டு வலிக்காகத் தினமும் பனடோல் போடுகிறவர் என்றால் அந்த மாத்திரையே காய்ச்சலை மறைத்துவிடும்.

எண்களைவிடப் பழக்கங்கள் இன்னும் நன்றாகச் சொல்லிக்கொடுக்கும். காலையில் எழுந்ததும் வாசல் கூட்டுகிறவர் கூட்டவில்லை. சாமிக்கு விளக்கேற்றுகிறவர் ஏற்றவில்லை. வெற்றிலை போடும் ஒரு பாட்டியை எனக்குத் தெரியும், காலைப் பசியாறியதும் வெற்றிலைப் பெட்டி திறந்துவிடும். ஒரு நாள் மத்தியானம் வரைக்கும் பெட்டி மூடியே இருந்தது. கேட்டால் 'வேணாம்னு இருக்கு' என்றார். இருமல் இல்லை, சூடு 37.4 தான். சாயங்காலம் கிளினிக்குக்குக் கொண்டுபோனபோது நெஞ்சில் சளி கட்ட ஆரம்பித்திருந்தது. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு அந்த 'வெற்றிலைப் பெட்டி' எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் விசாரிக்கும்போது 'நல்லா இருக்கீங்களாப்பா' என்று கேட்டால் 'நல்லா இருக்கேன்' என்றுதான் பதில் வரும். 'காலையில என்ன சாப்பிட்டீங்க, எத்தனை இட்லி, வெளியில போய் உட்கார்ந்தீங்களா' என்று கேளுங்கள்.

இது சளியா, ஃப்ளூவா, வேறு ஏதாவதா?

சாதாரணச் சளி மெல்ல மெல்ல வரும். முதல் நாள் தொண்டை கரகரப்பு, மறுநாள் தும்மல், அப்புறம் மூக்கடைப்பு. ஆள் எழுந்து நடமாடுவார், சாப்பிடுவார். இதைக் கொண்டுவரும் வைரஸ்கள் 200க்கும் மேல் இருக்கின்றன, அதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறது. ஃப்ளூ அப்படியில்லை. காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் படுத்துவிடுவார். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி, நடுக்கம், தலைவலி, தாங்க முடியாத அசதி. கோவிட் இரண்டு மாதிரியும் வரும். அறிகுறியை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. கோவிட், ஃப்ளூ ஏ, ஃப்ளூ பி மூன்றையும் ஒன்றாகப் பார்க்கும் டெஸ்ட் கிட் ஃபார்மசியில் கிடைக்கிறது, ஒன்றிரண்டு வாங்கி வீட்டில் வைத்திருங்கள். ஆனால் நெகட்டிவ் என்று காட்டினால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. ஆள் சோர்ந்திருந்தால் கிளினிக்குக்குப் போகத்தான் வேண்டும்.

நம் நாட்டில், அதுவும் தோட்டப்புறத்தில், இன்னும் இரண்டைச் சேர்த்து யோசிக்க வேண்டும். ஒன்று டிங்கி. காய்ச்சல், உடம்பு வலி, கண்ணுக்குப் பின்னால் வலி இருக்கிறது, ஆனால் மூக்கு ஒழுகலோ இருமலோ பெரிதாக இல்லை என்றால் அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம், பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். காய்ச்சல் விட்டது என்று நிம்மதியாகிவிடக் கூடாது. வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், துவண்டு போதல் இதில் எது வந்தாலும் ஆஸ்பத்திரிதான்.

இன்னொன்று எலி மூத்திரக் காய்ச்சல். செம்பனைத் தோட்டத்தில் எலி எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும், எலி பிடிக்க வேண்டும் என்றே மரங்களுக்கு நடுவே ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைக்கிறார்கள். பின்கட்டில் கீரைக்கொல்லை போட்டிருக்கும் தாத்தா, வெறுங்காலோடு கால்வாய் சுத்தம் செய்கிற பாட்டி, இவர்களுக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, கண்ணில் மஞ்சள் என்று தெரிந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் 'இவர் மண்ணில், கால்வாயில் வேலை செய்வார்' என்று நீங்களாகச் சொல்லுங்கள்.

பிரஷருக்குக் கொடுக்கும் பெரிண்டோபிரில், எனாலாபிரில் போன்ற மாத்திரைகளே சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொடுக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் சளி மருந்து குடித்தும் இருமல் போகவில்லை என்றால் இதையும் கேட்டுப் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், கிளினிக்கில் சொன்னால் மாற்றிக் கொடுப்பார்கள்.

முதல் 48 மணி நேரம்

ஃப்ளூவுக்கென்று மருந்து இருக்கிறது. ஒசெல்டமிவிர் என்று பெயர், டாமிஃப்ளூ என்றால் பலருக்குத் தெரியும். அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அதன் முழுப் பலன். தாமதமானாலும் பெரியவர்களுக்கும் ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போனவர்களுக்கும் டாக்டர் கொடுக்கலாம், அதனால் 'நாள் ஆயிடுச்சு, போய் என்ன' என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். 'ரெண்டு நாள் பார்ப்போம்' என்ற நம் வழக்கம் இளைஞர்களுக்குச் சரி. இதய நோய், இனிப்பு நீர், ஆஸ்துமா, சிறுநீரகப் பிரச்சினை உள்ள பெரியவருக்கு அந்த இரண்டு நாள்தான் மருந்து நன்றாக வேலை செய்யும் நேரம்.

அவசரப்படுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஃப்ளூ நுரையீரலோடு நிற்பதில்லை. கனடாவில் ஒண்டாரியோ மாநிலத்தில் நடந்து 2018ல் வெளிவந்த ஆய்வு, ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறு மடங்கு கூடுகிறது என்று கண்டது. ஃப்ளூவோடு படுத்திருப்பவர் நெஞ்சு அடைக்கிறது, தோள் வலிக்கிறது, வியர்க்கிறது என்றால் அதை வாயு என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

மருந்து டின்னைக் கொட்டிப் பாருங்கள்

எல்லார் வீட்டிலும் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். உள்ளே கிளினிக் மாத்திரை, பக்கத்து வீட்டக்கா கொடுத்தது, பேரன் போன வருஷம் சாப்பிட்டு மிச்சம் வைத்தது, பெயர் அழிந்துபோன அட்டையில் நாலு, வெறும் பிளாஸ்டிக் பையில் மஞ்சள் நிறத்தில் ஏழெட்டு. அதை மேசையில் கொட்டுங்கள். நோய் நேரத்தில் பெரியவர்களுக்கு வரும் ஆபத்தில் ஒரு பங்கு இந்த டின்னிலிருந்துதான் வருகிறது.

பனடோல் நல்ல மருந்து, காய்ச்சலுக்கும் வலிக்கும் முதலில் கொடுக்க வேண்டியது அதுதான். அட்டையில் வயது வந்தவர்களுக்கு ஒரு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு, 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் கூடாது என்று போட்டிருக்கும். அது திடமான உடம்புக்கு. நாற்பது கிலோ, நாற்பத்தைந்து கிலோ இருக்கும் ஒல்லியான பாட்டிக்கு ஒரு வேளைக்கு ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை, ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு என்று நிறுத்திக்கொள்ளுங்கள். ஈரல் கோளாறு இருப்பவரோ தினமும் குடிப்பவரோ என்றால் மருந்தாளரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அப்புறம், சளிக்கென்று விற்கும் கலவை மாத்திரைகளிலும், சுடுதண்ணீரில் கரைத்துக் குடிக்கும் தூளிலும் பனடோலில் இருக்கும் அதே பாராசிட்டமால் இருக்கும். பனடோல் இரண்டு, அதோடு சளி மாத்திரை இரண்டு என்று போட்டால் ஒரே மருந்தை இரட்டிப்பாகக் கொடுக்கிறோம்.

அந்தப் பிளாஸ்டிக் பையில் இருக்கும் மஞ்சள் மாத்திரை பெரும்பாலும் குளோர்பெனிரமின், நாம் பிரிட்டான் (Piriton) என்று கேட்டு வாங்குவது. மூக்கை நிறுத்தும், தூக்கமும் வரும். ஆனால் பெரியவர்களுக்கு அந்தத் தூக்கம் இரவில் எழும்போது தள்ளாட்டமாக மாறும், மூளை குழம்பும், வாய் வறளும், மலச்சிக்கல் வரும், புராஸ்டேட் வீக்கம் இருக்கும் தாத்தாவுக்கு மூத்திரமே அடைத்துக்கொள்ளும். தூக்கம் வர வைக்கும் பல இருமல் சிரப்புகளும் இந்த வகைதான். மூக்கடைப்புக்கு சூடோஎஃபெட்ரின் சேர்ந்த மாத்திரைகள், உதாரணமாகக் கிளாரினேஸ், பிரஷரையும் இதயத் துடிப்பையும் ஏற்றிவிடும். ரத்தக் கொதிப்பு, இதய நோய் இருப்பவர்கள் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மூக்கில் அடிக்கும் அடைப்பு நீக்கும் ஸ்பிரேயை மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பு கூடவே செய்யும். உப்புத் தண்ணீர் ஸ்பிரே எத்தனை நாள் வேண்டுமானாலும் அடிக்கலாம். எனக்குக் கேட்டால் பெரியவர்களின் மூக்கடைப்புக்கு அது ஒன்றே போதும்.

உடம்பு வலிக்குப் பொன்ஸ்டான், வோல்டரன், இபுபுரூஃபன் இதெல்லாம் இந்த நேரத்தில் வேண்டவே வேண்டாம். டிங்கியாக இருந்தால் இவை ரத்தக்கசிவைக் கூட்டும். டிங்கி இல்லாவிட்டாலும், பிரஷர் மாத்திரையும் நீர் போகும் மாத்திரையும் சாப்பிடுகிறவர் தண்ணீர் குறைந்து கிடக்கும்போது இதையும் போட்டால் சிறுநீரகம் தாங்காது. பசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) விற்கும் 'உடனே சுகம்' ஜாமு மூலிகை பாக்கெட்டுகளையும் தூக்கிப் போடுங்கள். அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைக் கண்டுபிடித்து சுகாதார அமைச்சு பல தடவை எச்சரித்திருக்கிறது. மிச்சம் வைத்த ஆன்டிபயாட்டிக் வைரஸுக்கு வேலை செய்யாது. அதையும் கொட்டிவிடுங்கள்.

கைமருந்து பற்றிக் கேட்பீர்கள். மிளகு ரசம், இஞ்சித் தண்ணீர், கற்பூரவள்ளிச் சாறு, துளசி எல்லாம் தொண்டைக்கு இதம், தாராளமாகக் கொடுங்கள். தேன் இருமலுக்கு நல்லது, இனிப்பு நீர் இருந்தால் அளவு பாருங்கள். நிலவேம்புக் கசாயம் சர்க்கரையையும் பிரஷரையும் இறக்கக்கூடியது, ஏற்கெனவே அதற்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கொடுப்பதானால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். வேது பிடிப்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள் என்பேன். போர்வைக்குள் கொதிக்கும் பானை, நடுங்கும் கை, தலைசுற்றல். பானை சரிந்து தொடை வெந்தால் சளியைவிட அந்தப் புண் ஆற நாளாகும். கோடாலித் தைலத்தை நெஞ்சிலும் முதுகிலும் தடவலாம், மூக்குக்குள் தடவ வேண்டாம்.

சாப்பாடு, தண்ணீர், தினசரி மாத்திரை

வயதானால் தாகமே சரியாகத் தெரியாது. 'தண்ணி வேணுமா' என்று கேட்டால் 'வேணாம்' என்பார்கள். கேட்காதீர்கள், மணிக்கு ஒரு தடவை அரை கிளாஸ் கையில் கொடுங்கள். கஞ்சித் தண்ணீர், ரசம், நீர்மோர், வெந்நீர் எதுவானாலும் சரி. ஹண்ட்ரட் பிளஸ் வாங்கிக் கொடுப்பது நம் ஊர்ப் பழக்கம், ஆனால் அதில் சர்க்கரை இருக்கிறது. வாந்தி பேதி இருந்தால் ஃபார்மசியில் ஓஆர்எஸ் பாக்கெட் வாங்குங்கள். இதயம் பலவீனமாகி டாக்டர் தண்ணீருக்கு அளவு வைத்திருக்கிறார் என்றால், கூட்டிக் கொடுப்பதற்கு முன் கிளினிக்கைக் கேளுங்கள். மூத்திரம் கடும் மஞ்சளாகப் போகிறதா, எட்டு மணி நேரமாகப் போகவே இல்லையா என்று பாருங்கள். கூச்சப்பட்டுச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

வெறும் கஞ்சி மட்டும் கொடுத்தால் உடம்பு இளைத்துவிடும். அதில் ஒரு முட்டையை அடித்து ஊற்றுங்கள், அல்லது நெத்திலியைக் கழுவி வேகவைத்துச் சேருங்கள், அல்லது பருப்பு.

இப்போது பலரும் தவறவிடும் இடம். இனிப்பு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டார், மாத்திரையை மட்டும் நேரத்துக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். கிளிக்லாசைடு போன்ற மாத்திரை என்றால் சர்க்கரை கீழே விழுந்துவிடும். வியர்வை, நடுக்கம், உளறல். இதை ஃப்ளூ மயக்கம் என்று நினைத்துவிடுவோம். சர்க்கரையை நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாருங்கள், 4க்குக் (mmol/L) கீழே போனால் உடனே இனிப்புத் தண்ணீர் கொடுங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 999ஐ அழையுங்கள். இன்னொரு பக்கம், இன்சுலின் போடுகிறவர் 'சாப்பிடல, அதனால போடல' என்று முழுவதுமாக நிறுத்திவிடக் கூடாது. நோய் வந்தால் சாப்பிடாமலேயே சர்க்கரை ஏறும். எத்தனை யூனிட் என்று கிளினிக்கில் கேளுங்கள். வாந்தி பேதி இருந்தாலோ ஒன்றுமே இறங்கவில்லை என்றாலோ மெட்ஃபோர்மின், நீர் மாத்திரை, பெரிண்டோபிரில் இவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்றும் அன்றைக்கே கேளுங்கள்.

படுக்கையிலேயே கிடத்தி வைக்காதீர்கள். பகலில் நாற்காலியில் உட்கார வையுங்கள், முடிந்தால் கை பிடித்து வாசல் வரை நடத்துங்கள். இரவில் தலையணையை உயர்த்தி வையுங்கள், பாத்ரூம் வழியில் விளக்கு எரியட்டும்.

எப்போது தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்

காலை, மாலை, படுக்கும் முன் என மூன்று வேளை பாருங்கள். தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 24ஐத் தாண்டினால் அன்றைக்கே டாக்டர், 30ஐத் தொட்டால் ஆம்புலன்ஸ். ஆக்சிமீட்டர் 95, அதற்கு மேல் என்றால் சரி. 94 அல்லது அதற்குக் கீழே இறங்கினால் போங்கள், 92 அல்லது அதற்குக் கீழே என்றால் நிற்காதீர்கள். நெடுநாள் நுரையீரல் நோயாளிகளுக்கு இந்த எண் வேறு, அவர்களுடைய டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள். விரல் சில்லிட்டிருந்தாலும் நகத்தில் மருதாணி இருந்தாலும் கருவி தப்பாகக் காட்டலாம். நம்மைப் போன்ற கறுத்த தோலுக்கு உண்மையைவிடக் கூட்டிக் காட்டவும் வாய்ப்பு உண்டு. கருவி 96 காட்டுகிறது, ஆனால் ஆள் ஒரு வாக்கியம் முடிக்க முடியாமல் மூச்சு வாங்குகிறார் என்றால் ஆளை நம்புங்கள்.

உதடு நீலம், நெஞ்சு வலி, எழுப்பினால் எழாத தூக்கம், திடீர்க் குழப்பம், கீழே விழுதல், ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூட இறங்காமை, இவை எல்லாமே ஆஸ்பத்திரிதான். குழப்பம் என்றால் கத்திக் கலாட்டா செய்வது மட்டுமில்லை. சத்தமே இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதும் குழப்பம்தான், அதுதான் அதிகம் தவறிப்போகிறது. நான்கைந்து நாளில் தேறி வந்தவருக்குத் திரும்பக் காய்ச்சல் ஏறி, சளி மஞ்சளாகவோ துருப்பிடித்த நிறத்திலோ வந்தால் அது நிமோனியாவாக இருக்கலாம்.

ஆம்புலன்சைக் கூப்பிடும்போது தோட்டத்தில் ஒரு சிக்கல், முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்த முச்சந்தியில் திரும்ப வேண்டும், கோயிலைத் தாண்டியா முன்பா, லயத்தில் எத்தனையாவது வீடு என்று இன்றைக்கே மலாயில் எழுதி அந்த ஐஸ் பெட்டித் தாளுக்குக் கீழே ஒட்டுங்கள். மழையில் செம்மண் சாலை சேறாகிவிட்டால் வண்டி உள்ளே வராது, மெயின் ரோட்டில் ஒருவர் டார்ச் விளக்கோடு நிற்க வேண்டும். ஐசி, கிளினிக் புத்தகம், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்கள், கண்ணாடி, பல்செட், காது கேட்கும் கருவி எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். கண்ணாடியும் காதுக் கருவியும் இல்லாமல் வார்டில் படுக்கும் பெரியவருக்குக் குழப்பம் இன்னும் கூடும்.

தேறிய பிறகும், அடுத்த முறைக்கும்

இருமல் இரண்டு மூன்று வாரம் இழுக்கலாம். ஆனால் இரண்டு வாரம் தாண்டிய இருமலோடு எடை குறைவு, இரவு வியர்வை, சளியில் ரத்தம் இருந்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும், கவர்மெண்ட் கிளினிக்கில் செய்வார்கள்.

ஃப்ளூ ஊசி வருஷத்துக்கு ஒரு தடவை. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் போன வருஷ ஊசி இந்த வருஷத்துக்குப் போதாது. நமக்குக் குளிர்காலம் இல்லாததால் ஃப்ளூ வருஷம் முழுக்கச் சுற்றுகிறது, எந்த மாதமும் போடலாம். பாதுகாப்பு வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும், அதனால் தீபாவளிக்குப் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பே போட்டுவிடுவது நல்லது. 60 வயது தாண்டி நெடுநாள் நோய் உள்ளவர்களுக்கு அரசாங்கம் இலவசமாகப் போடும் திட்டம் இருந்திருக்கிறது. இப்போது இருக்கிறதா என்று கிளினிக் கெசிஹாதானில் (அரசாங்கக் கிளினிக்கில்) கேளுங்கள், மைசெஜாத்ரா ஆப்பிலும் பாருங்கள். நிமோனியாவுக்கான நிமோகாக்கல் ஊசியைப் பற்றியும் அதே நாளில் கேட்டுவிடுங்கள். 'ஊசி போட்டால் காய்ச்சல் வரும்' என்று பயப்படுவார்கள். ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, அதனால் ஃப்ளூ வராது. ஓரிரு நாள் கை வலிக்கும், லேசாக உடம்பு சுடும், அவ்வளவுதான். அதோடு வீட்டில் பள்ளி போகும் பேரப்பிள்ளை மூக்கு ஒழுகிக்கொண்டு வந்தால், அந்த வாரம் மட்டும் பாட்டி பக்கத்தில் படுக்க வைக்காதீர்கள், முகக்கவசம் போட்டுக்கொண்டு பேசச் சொல்லுங்கள். பாட்டிதான் அதற்கு முதல் ஆளாகச் சண்டைக்கு வருவார். வந்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.